‘எடுத்துக்கோங்க’ என்றாள் மிண்டா

எங்கள் தெருவில் யாராவது சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ஆள் போனால், "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டே ஆக வேண்டும். போகிறவர் எவ்வளவு பசியில் இருந்தாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயே ஆக வேண்டும். தட்டில் ஒற்றைக் கருவாடு கிடந்தாலும் கூப்பிடுவார்கள். வயிறு ஒட்டிப் போயிருந்தாலும் சாப்பிட்டேன் என்பார்கள். இந்தத் தீவில் பிறந்த பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகின்றன. பழகாத ஒரே ஆள் மிண்டா.

முழுப்பெயர் லுஸ்விமிண்டா. மலைப்பக்கத்து ஊரில் பிறந்தவள். பிறக்கும்போதே மூச்சு முட்டிவிட்டதாம். நடக்கவும் பேசவும் தாமதம். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு வாத்தியார்கள்தான் மாறினார்களே தவிர மிண்டா மாறவில்லை. கடைசியில் அவளுடைய அம்மா புத்தகப் பையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, துணி துவைக்கக் கற்றுக்கொடுத்தாள். அதை மிண்டா நன்றாகவே கற்றுக்கொண்டாள். மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரோதெல் எங்கள் தெருப் பையன். மலைக்குச் சவாரி போனவன் இவளைப் பார்த்து, இவள் சிரிப்பில் விழுந்து, மாதாகோயிலில் வைத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்துவிட்டான். "வேற பொண்ணே கிடைக்கலையாடா உனக்கு?" என்று கேட்டவர்களிடம், "இவ பொய் சொல்லமாட்டா. உங்க வீட்டுல அப்படி யாராச்சும் இருக்காங்களா?" என்று திருப்பிக் கேட்டான்.

வந்த புதிதில் மிண்டா தெருவில் நடந்தால் சாப்பிடக் கூப்பிட்ட ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டார்கள், போனாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். நாங்களோ சிரித்த முகத்தோடு தட்டை நீட்டிவிட்டு, அவள் போன பிறகு பொருமினோம். கூப்பிட்ட வாயை என்ன செய்வது? பிறகு அவளுக்கு ஜெலாய் பிறந்தாள். இடுப்பில் குழந்தையோடு வந்து உட்கார ஆரம்பித்ததும் பேச்சு வேறு மாதிரி ஆயிற்று. "புள்ளையக் காட்டிப் பிச்சை எடுக்குறா" என்று ஒருத்தி சொல்ல, அதைக் கேட்கப் பொறுக்காமல் பக்கத்து வீட்டு நெனெத் மிண்டாவைத் தன் அடுப்படிக்குள் இழுத்து வைத்துப் பாடம் நடத்தினாள். நெனெத் தெருமுனையில் வாழைப்பழம் பொரித்து விற்பவள். வாயும் எண்ணெய்ச் சட்டி மாதிரிதான் கொதிக்கும், ஆனால் மிண்டா மேல் அவளுக்கு உயிர்.

"நல்லாக் கேட்டுக்கோ. யாராச்சும் உனக்கு ஒண்ணு தர்றேன்னு சொன்னா, வேண்டாம்னு சொல்லணும். யாராச்சும் உன்கிட்ட ஒண்ணு கேட்டா, எடுத்துக்கோங்கன்னு சொல்லணும். ரெண்டும் சும்மா பேச்சுக்கு. யாரும் குடுக்கவும் மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. புரியுதா?"

"அப்ப எதுக்கு சொல்றாங்க?"

"மரியாதைடி. அதெல்லாம் கேட்கக்கூடாது."

மிண்டா கேட்கவில்லை. ஒரு முறை மனதில் ஏறிவிட்டால் அவளிடம் எதுவும் மாறாது. ரோட்டைத் தாண்டும்போது குழந்தையின் கையைப் பிடி என்று யாரோ சொன்னதிலிருந்து, கோயிலுக்குள்ளும் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். சுகாதார நிலையத்து நர்ஸ் பால்புட்டியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தாள். மிண்டா ஊற்றும் பால் அந்தக் கோட்டுக்கு மேலும் போகாது கீழும் போகாது. அப்படியே இந்தப் பாடமும் ஏறிற்று. "வா மிண்டா, சாப்பிடு." "சாப்பிட்டாச்சு!" "உன் ரோஜாத்தொட்டி அழகா இருக்கே, எனக்குக் குடுத்துடேன்." "எடுத்துக்கோங்க!" கேட்டவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள், தொட்டி அங்கேயே இருக்கும். மிண்டாவுக்கு இது பெரிய வித்தையாகத் தெரிந்தது. ரோதெல்லிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனாள்.

ஒரு மழைக்காலத்து வெள்ளத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ரோதெல்லுக்குக் காலில் இருந்த புண் வழியாகக் காய்ச்சல் ஏறியது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்போது ஜெலாய்க்கு நான்கு வயது.

ரோதெல்லின் அக்கா அமெலிதா கடல் தாண்டி லுசேனாவில் இருக்கிறாள். கணவர் துறைமுகத்தில் நல்ல வேலை. வீட்டில் எல்லாம் உண்டு, குழந்தை மட்டும் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனைப் புதைத்த அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டவர்கள் அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, துக்கம் முடிவதற்குள் ஜெலாய்க்குக் காய்ச்சல் வந்தது. மருந்து சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். குழந்தை சாப்பிடவே மாட்டேன் என்றது. சாப்பிடாததால் மிண்டா மருந்தும் கொடுக்கவில்லை. ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சூடு ஏறி ஜெலாய்க்கு வலிப்பு வந்துவிட்டது. நெனெத் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தாள். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அமெலிதாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, குழந்தை நீலமாகிக் கிடந்ததைப் பார்த்தாள். அவள் முகத்தில் அன்றைக்கே ஒரு முடிவு விழுந்துவிட்டது. தம்பியைத்தான் காப்பாற்ற முடியவில்லை, அவன் பிள்ளையையாவது விடக்கூடாது என்ற முடிவு.

ரோதெல் இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்குத் தெருவே வந்திருந்தது. ஜெபம் முடிந்து நூடுல்ஸும் பன்றிக்கறியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஜெலாய் அத்தை மடியில் இருந்தாள். அமெலிதா அவள் தலையைக் கோதிக்கொண்டே எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"மிண்டா, இவள எனக்குக் குடுத்துடு. நான் வளர்க்கறேன்."

மிண்டா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நல்ல சிரிப்போடு, விருந்தினர் முன்னால் தப்பில்லாமல் பதில் சொல்லிவிட்ட பெருமையோடு சொன்னாள்: "எடுத்துக்கோங்க அக்கா!"

நாங்கள் எல்லாரும் கேட்டோம். சிலர் சிரித்தார்கள். சிலர், நல்லதுதானே, குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். நெனெத் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அமெலிதா ஜெலாயின் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். மிண்டாவும் இரண்டு கவுனை மடித்துக் கொடுத்தாள். பட்டணத்து அக்கா மரியாதையைக் கொஞ்சம் நீட்டிச் செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகிறவர்களைத் துறைவரை கொண்டுவிடுவது வழக்கம்தானே என்று கூடவே நடந்தாள். அமெலிதா குழந்தையோடு, வண்டிகளையும் ஏற்றிப் போகும் பெரிய படகில் ஏறினாள். மிண்டா கரையில் நின்று கையாட்டினாள். சங்கு ஊதியது. இப்போது திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று காத்திருந்தாள். கயிற்றை அவிழ்த்தார்கள். படகின் பின்கதவு மேலே எழுந்தது. அத்தையின் தோள் வழியாக ஜெலாய் எட்டிப் பார்த்து, "அம்மா!" என்றாள்.

அப்போதுதான் மிண்டாவுக்குப் புரிந்தது. அவள் போட்ட கூச்சலில் மீன் ஏலம் நின்றது. "என் புள்ள! என் புள்ளயக் குடுங்க! நான் சும்மா சொன்னேன்! சும்மா சொன்னேன்!" என்று கத்திக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கயிறு இழுப்பவன் கை அப்படியே நின்றது. மாலுமி இன்ஜினை நிறுத்தினான். பின்கதவு மறுபடி இறங்கியது. ஊர்த்தலைவர் வந்து, "தாய் கேக்குறா, குடுத்துடும்மா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்ல, அமெலிதா குழந்தையை இறக்கிவிட்டாள். ஊர் பார்க்க அவமானப்பட்ட முகத்தோடு தனியாகப் போனாள். பத்து நாளில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாள். குழந்தையை எனக்குக் கொடுங்கள், இந்தத் தாய்க்கு வளர்க்க அறிவு போதாது, அவளே எல்லார் முன்னாலும் மனதாரக் கொடுத்தாள், பிறகு சும்மா சொன்னேன் என்றாள், பெற்ற பிள்ளையை விளையாட்டுப் பொருளாக நினைக்கிறவளை எப்படி நம்புவது என்று அதில் கேட்டிருந்தாள்.

நெனெத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி குடுத்தே? ஏண்டி?"

"கேட்டாங்க."

"கேட்டா குடுத்துடுவியா?"

"குடுக்கல. சொன்னேன்."

இதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் கறக்க முடியவில்லை. இலவச வக்கீல் அட்டர்னி கலாங்கும் முயன்று பார்த்தார். பாவம், நல்ல மனிதர். கையில் நிறைய வழக்குகள். "கோர்ட்டுல அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்லிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். "சொன்னேனே" என்றாள் மிண்டா. அவர் பெருமூச்சு விட்டார்.

சமூக நலத்துறையிலிருந்து அதிகாரி மேம் ஓனா வீட்டைப் பார்க்க வந்தார். அன்றைக்கு நிலைமை இன்னும் கெட்டது. வீடு துடைத்து வைத்தது போல இருந்தது, குழந்தை எண்ணெய் தேய்த்துத் தலை சீவி உட்கார்ந்திருந்தது, சோறு வெந்துகொண்டிருந்தது. மேம் ஓனாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஜெலாயின் கன்னத்தைக் கிள்ளி, நாங்கள் எல்லாரும் சொல்வது போல, "என்ன அழகுடி நீ! எனக்குக் குடுத்துடறீங்களா இவள?" என்றார். அவ்வளவுதான். மிண்டாவின் முகம் வெளுத்தது. குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். மேம் ஓனா வெளியே கூப்பிட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். ஜன்னல்கூடத் திறக்கவில்லை. தாய் ஒத்துழைக்கவில்லை, காரணமில்லாமல் பயப்படுகிறாள் என்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டார்.

விசாரணையன்று மிண்டா ரோதெல் வாங்கித் தந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொண்டாள். ஜெலாயின் கையை வீட்டு வாசலில் பிடித்தவள் நீதிமன்ற நாற்காலி வரை விடவில்லை. நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, யாரையும் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் அமெலிதாவின் வக்கீல் எழுந்தார்.

"நாற்பதாம் நாள் விருந்துல, குழந்தைய எடுத்துக்கோங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"யாராவது உங்கள மிரட்டினாங்களா?"

"இல்ல. அக்கா நல்லாத்தான் கேட்டாங்க."

"மறுநாள் துணிய மடிச்சுக் குடுத்தது யாரு?"

"நான்தான். அவங்களுக்கு மடிக்கத் தெரியல, கசங்கிப் போச்சு."

வக்கீல் போதும் என்று உட்கார்ந்தார். அட்டர்னி கலாங் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நெனெத் பின்வரிசையில் மாதாவை வேண்ட ஆரம்பித்தாள். எங்களுக்கெல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது.

நீதிபதி மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். "மிண்டா, ஏன் அப்படிச் சொன்னேம்மா?"

மிண்டா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். இது தெரியாதவர்களும் உண்டா என்ற ஆச்சரியம். "அதுதானே பதிலு?"

"எதுக்குப் பதில்?"

"யாராச்சும் சாப்பிட வான்னா, சாப்பிட்டாச்சுன்னு சொல்லணும். பசிச்சாலும் சொல்லணும். யாராச்சும் ஒண்ணக் குடுன்னா, எடுத்துக்கோங்கன்னு சொல்லணும். ஆனா எடுக்கக்கூடாது. அது சும்மா. மரியாதை." பிறகு குரல் தாழ்ந்தது. "எனக்கு மொதல்ல தெரியாது. எல்லார் வீட்லயும் போய்ச் சாப்பிட்டுட்டேன். அப்புறம் கத்துக்கிட்டேன். சரியாத்தான் சொன்னேன். அக்காதான் நிஜமாவே எடுத்துட்டாங்க."

பின்வரிசையில் நெனெத் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய அடுப்படிப் பாடம் இத்தனை நாள் கழித்து நீதிமன்றத்தில் ஒலித்ததும் அவள் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. "நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்று யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று சொன்னாள். "அதட்டி உட்கார வெச்சுச் சொல்லிக்குடுத்தேன் தாயே. எதுக்கு சொல்றாங்கன்னு கேட்டா. கேட்காதேன்னுட்டேன்."

மேம் ஓனாவும் மெல்லக் கையைத் தூக்கினார். அவர் முகம் சிவந்திருந்தது. "அம்மா, நானும் அன்னிக்கு அந்த வார்த்தையச் சொன்னேன். குழந்தைய எனக்குக் குடுத்துடறீங்களான்னு கேட்டேன். அப்புறம்தான் அவங்க கதவச் சாத்தினாங்க. காரணமே இல்லாம பயந்தாங்கன்னு நான் சொன்னது தப்பு."

நீதிபதி அமெலிதாவைப் பார்த்தார். "நீங்க அந்தத் தெருவுல பொறந்தவங்கதானே? அன்னிக்கு உங்க தம்பி பொண்டாட்டி சொன்னது மரியாதைப் பேச்சா, நிஜப் பேச்சான்னு உங்களுக்குத் தெரியலையா?"

அமெலிதா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிய வேண்டாம்னு இருந்தேன்" என்றாள். அவள் வக்கீல் அவசரமாக எழுந்தார். அவள் கையை ஆட்டி அவரை உட்கார வைத்துவிட்டாள். "ஆனா அந்தக் காய்ச்சல் பொய் இல்லையே, அம்மா. என் தம்பி புள்ள என் கண்ணு முன்னால நீலமாகிக் கிடந்துச்சு. அதை நான் மறக்கணுமா?"

அதுவும் நியாயம்தான். நீதிபதிக்கும் அது நியாயமாகவே பட்டிருக்க வேண்டும். மிண்டாவின் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு ஜெலாய்க்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வே?"

"மருந்து குடுப்பேன். சாப்பிடலேன்னாலும் குடுப்பேன். நர்ஸக்கா இப்ப மாத்திச் சொல்லிட்டாங்க."

"எறங்கலேன்னா?"

"நெனெத் அக்காவக் கூப்பிடுவேன்."

"அவ வீட்டுல இல்லேன்னா?"

"நர்ஸக்கா வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடுவேன்."

"அவளும் இல்லேன்னா?"

மிண்டா யோசித்தாள். ஜெலாயின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தெருவுல நின்னு கத்துவேன்" என்றாள். "நான் கத்தினா கப்பலே நின்னுடும்."

நீதிமன்றமே சிரித்துவிட்டது. நீதிபதிகூட வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மிண்டாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. நின்றது உண்மைதானே. ஜெலாய் மட்டும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினாள். அவளும் படகில் இருந்தவள்தானே.

மதிய இடைவேளைக்கு முன்பே நீதிபதி முடிவைச் சொன்னார். குழந்தை தாயிடமே இருக்கும். நெனெத்தும் நர்ஸும் துணையாக இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மேம் ஓனா மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். அத்தை எப்போது வேண்டுமானாலும் வந்து குழந்தையைப் பார்க்கலாம். "ஒரு தாய்க்கு ஒத்தாசை வேணும்கிறதுக்காக அவகிட்டேர்ந்து புள்ளையப் பிடுங்க முடியாது. ஒத்தாசை இல்லாம இந்த ஊர்ல புள்ள வளர்த்தவங்க யாராவது இருந்தா எழுந்து நில்லுங்க" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.

நெனெத் மிண்டாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அட்டர்னி கலாங் எல்லாரிடமும் கைகுலுக்கிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார். மிண்டாவுக்குப் பசி. வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். சோறும் பொரித்த மீனும் தக்காளியும். ஜெலாய்க்கு முள் எடுத்து ஊட்ட ஆரம்பித்தாள்.

தாழ்வாரத்தின் கோடியில் அமெலிதா தனியாக நின்றுகொண்டிருந்தாள். படகுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அக்கா, வாங்க, சாப்பிடலாம்" என்று மிண்டா கூப்பிட்டாள்.

"சாப்பிட்டாச்சு" என்றாள் அமெலிதா, திரும்பாமலேயே.

எங்களில் யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்போம். கூப்பிட்டாயிற்று, மரியாதை முடிந்தது. மிண்டாவும் ஒரு கவளம் வாயில் போட்டாள். ஆனால் மெல்ல முடியவில்லை. அமெலிதாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கள் தெருவில் இதுவரை ஒருவரும் ஒருவரையும் கேட்டிராத கேள்வியைக் கேட்டாள்.

"நிஜமா சாப்பிட்டீங்களா அக்கா? இல்ல சும்மா சொல்றீங்களா?"

அமெலிதா திரும்பினாள். முகம் கோணியது. "இல்லடி" என்றாள். "நேத்து ராத்திரிலேர்ந்தே சாப்பிடல."

"அப்ப வாங்க."

அவள் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மிண்டா இலையைக் கிழித்துப் பாதிச் சோற்றை அவள் பக்கம் தள்ளினாள். ஜெலாய் தன் பங்கு மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அத்தையின் சோற்றின் மேல் வைத்தாள். அமெலிதா அழுதுகொண்டே சாப்பிட்டாள். தம்பிக்கு அழுதாளோ தோற்றதற்கு அழுதாளோ, அது அவளுக்குத்தான் தெரியும்.

கை கழுவி வந்த பிறகு அமெலிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மிண்டா, பெரிய லீவுல ஒரு வாரம் இவள லுசேனாவுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

நெனெத் மிண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். நான்கூட.

மிண்டா அமெலிதாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாக் கேக்குறீங்களா?" என்றாள்.

"நிஜமா."

"திருப்பிக் கொண்டுவந்து விட்டுருவீங்களா? நிஜமா?"

"சத்தியமா."

மிண்டா ஜெலாயைப் பார்த்தாள், அமெலிதாவைப் பார்த்தாள், துறை இருக்கும் பக்கம் பார்த்தாள். இலையைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரிக்கா. நானும் வர்றேன்."